சைகோன் கறியில் காரைக்கால் வாசம்

பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ மலேசியாவில் விளைவதில்லை. தமிழ்நாட்டிலும் விளைவதில்லை. வியட்நாமின் வடகோடியில், சீன எல்லையை ஒட்டிய லாங் சோன் மலைப்பகுதியிலும், அதைத் தாண்டித் தெற்குச் சீனாவிலும்தான் அந்த மரம் பெருமளவில் வளர்கிறது. கடைகளில் நாம் வாங்கும் தடித்த, காரமான பட்டையில் கணிசமான பங்கும் வியட்நாம் சரக்குதான். மிளகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மலபார் மிளகைத் தேடி உலகமே கப்பல் விட்ட காலம் போய், இன்று உலகிலேயே அதிகமாக மிளகு ஏற்றுமதி செய்யும் நாடு வியட்நாம். சிம்பாங் அம்பாட்டில் என் மாமனார் தொடங்கிய மசாலா அரவை மில்லை இப்போது நடத்திவருபவள் நான். அதனால் வியட்நாம் எனக்கு முதலில் மூட்டையாகத்தான் அறிமுகமானது. அந்தச் சரக்கை அந்நாட்டார் எப்படிச் சமைக்கிறார்கள் என்பது வாடிக்கையாளர்கள் மூலம் பிறகு தெரியவந்தது.

எங்கள் வட்டாரம் பழைய தோட்டப்புறம். ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் இப்போது தாமான்களும் தொழிற்சாலைகளும். 2014 மார்ச்சில் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பினாங்குப் பாலம் பத்து காவானில் வந்து இறங்கிய பிறகு இந்த மாற்றம் இன்னும் வேகமெடுத்தது. தொழிற்சாலை வேலைக்கு நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், வியட்நாம் என்று பல நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். வியட்நாமியப் பெண்களில் சிலர் இங்குள்ள சீனர்களை மணந்து குடும்பமாகிவிட்டார்கள். அப்படி ஒருத்தி சிறியதாக உணவுக்கடை போட்டிருக்கிறாள். மெக்கோங் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள மீ தோ அவள் ஊர். அவள் என்னைக் 'காக்' என்பாள், நான் அவளை 'அமோய்' என்பேன். எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில்தான்.

ஒருநாள் அவளும், நே ஆன் மாகாணத்திலிருந்து வந்த தொழிற்சாலைப் பெண் ஒருத்தியும் கடையில் நின்று வாக்குவாதம் செய்தார்கள். இருவரும் வாங்க வந்தது ஒரே சரக்குதான்: அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மல்லி. ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப்புக்கு.

"ஃபோவில் யாராவது சீனி போடுவார்களா, காக்? இவர்கள் ஊரில் போடுகிறார்கள்" என்று நே ஆன் பெண் என்னிடம் நியாயம் கேட்டாள்.

"தவ்கே கிடையாது, துளசி கிடையாது, எலுமிச்சையைக்கூட எண்ணி வைப்பார்கள். அது ஃபோவா, சுடுதண்ணியா?" என்றாள் மீ தோக்காரி.

சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று நம் வீடுகளில் மருமகளும் மாமியாரும் மல்லுக்கு நிற்பதைப் பார்த்தவள் நான். இது அதே சண்டை என்று உடனே விளங்கிவிட்டது. ஒரு நாட்டின் சாப்பாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அங்கே எதில் எதைப் போடக்கூடாது என்று சண்டை நடக்கிறது எனக் கேட்டாலே போதும், பாதி வரலாறு வந்துவிடும்.

வியட்நாம் வடக்கு தெற்காகச் சுமார் 1,650 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் நாடு. நடுவில் சில இடங்களில் இடுப்பைப்போல் ஒடுங்கிவிடும். வடக்கே ஹனோயில் மார்கழி, தை மாதங்களில் கம்பளி போர்த்தும் குளிர் உண்டு. தெற்கே சைகோனில் ஆண்டு முழுவதும் நம் பினாங்கு வெயில்தான். வடக்கு, நடு, தெற்கு என்று அவர்களே மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார்கள். வடக்கில் உப்பு மட்டோடு நிற்கும் தெளிந்த ருசி. நடுப்பகுதியில் காரமும் உப்பும் தூக்கல். தெற்கில் தேங்காய்ப்பால், சீனி, தட்டு நிறையப் பச்சிலை.

ஃபோ வடக்கின் பிள்ளை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோயிலும், அதற்குத் தென்கிழக்கே உள்ள நாம் தின்னிலும் அது உருவானது. அதற்கு முன் மாடு என்றால் உழவுக்கு. ஆட்சிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சி கேட்டார்கள். வெட்டிய பிறகு மிஞ்சிய எலும்பையும் ஓரத் துண்டுகளையும் தெருவில் சூப்பு விற்பவர்கள் மலிவாக வாங்கிக் காய்ச்சினார்கள், அதில் அரிசி நூடுல்ஸைப் போட்டார்கள். நாம் தின் பகுதியில் வான் கூ என்றொரு கிராமம். அவ்வூர் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக ஹனோய்க்குப் போய் ஃபோ விற்றவர்கள். தோளில் தண்டு, ஒரு முனையில் கொதிக்கும் பானை, மறுமுனையில் கிண்ணமும் நூடுல்ஸும். பினாங்குத் துறைமுகத்தில் தமிழ் முஸ்லிம்கள் நாசி கண்டார் விற்றதும் இதே தோள்தண்டில் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத்தான்.

இந்தச் சூப்பின் பக்குவத்தைக் கேட்டபோது எனக்குத் தொழில் முறையிலேயே ஆர்வம் பிடித்துக்கொண்டது. இஞ்சியையும் வெங்காயத்தையும் நேரடி நெருப்பில் தோல் கருகச் சுட வேண்டும். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மல்லி, புகையில் உலர்த்திய பெரிய ஏலக்காய் ஆகியவற்றை வெறுஞ்சட்டியில் வாசம் வர வறுத்துத் துணியில் முடிந்து எலும்புச் சாற்றில் போட வேண்டும். பிறகு பல மணி நேரம் சின்னத் தீ. கொதித்து அலம்பினால் சாறு கலங்கிவிடும். நம் குருமாவில் போடும் அதே சாமான்கள்தாம். நாம் அரைத்துக் கரைக்கிறோம், அவர்கள் முழுதாக முடிந்து வாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே தூக்கிவிடுகிறார்கள். ஒரே சரக்கில் இவ்வளவு வேறான சுவை பிறக்கும் என்பதை இத்தனை ஆண்டுகள் மசாலா அரைத்த நான் அந்தக் கிண்ணத்தில்தான் அறிந்தேன்.

வடக்கத்திச் சூப்பில் சீனி எப்படிப் புகுந்தது? 1954 ஜூலையில் ஜெனீவா உடன்படிக்கை நாட்டை 17ஆவது அகலக்கோட்டில் இரண்டாக வகுத்தது. அடுத்த சில மாதங்களில் எட்டு லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வடக்கிலிருந்து தெற்கே இடம்பெயர்ந்தார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அவர்களோடு ஃபோ சைகோனில் பெருகியது. தெற்கத்தியர் அதற்குத் தவ்கே, துளசி, எலுமிச்சை, இனிப்புச் சோயாச்சாறு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 1975இல் வியட்நாம் போர் முடிந்த பிறகு படகேறி வெளிநாடு போனவர்களில் தெற்கத்தியர் அதிகம். அதனால் உலகத்துக்குத் தெரிந்த ஃபோ பெரும்பாலும் சைகோன் ஃபோ. அந்தப் படகுகளில் பல மலேசியாவில்தான் கரை தொட்டன. திரங்கானுவின் பீடோங் தீவு முகாம் 1978இல் திறந்து 1991இல் மூடும்வரை ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் அதன் வழியாகப் போனார்கள்.

நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. எனக்குக் கோழி ஃபோ இருக்கிறது. 1939 வாக்கில் திங்கள், வெள்ளிக் கிழமைகளில் மாட்டிறைச்சி விற்பனைக்குத் தடை வந்ததாம், அந்த நாட்களில் கடைக்காரர்கள் கோழிக்கு மாறினார்களாம். ஹனோய்க்காரர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் முகம் சுளித்தவர்களும் பிறகு விரும்பிச் சாப்பிட்டார்கள். 2024 ஆகஸ்டில் ஹனோய் ஃபோவையும் நாம் தின் ஃபோவையும் தனித்தனியாகவே தேசிய மரபுச் செல்வப் பட்டியலில் வியட்நாம் அரசு சேர்த்தது. ஊர்ப்பெயரை அங்கே அவ்வளவு மதிக்கிறார்கள்.

வடக்கில் இன்னும் இரண்டைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். கரியில் சுட்ட பன்றியிறைச்சியை இனிப்புப் புளிப்புச் சாற்றில் மிதக்கவிட்டு நூடுல்ஸோடு உண்ணும் பூன் சா, ஹனோயின் மதிய உணவு. 2016 மே மாதம் அமெரிக்க அதிபர் ஒபாமா, சமையற்கலைஞர் அந்தோனி போர்டேனோடு ஒரு சாதாரண ஹனோய்க் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டது இதைத்தான். இன்னொன்று சா கா. மீன் துண்டுகளை மஞ்சளில் ஊறவைத்துச் சுட்டு, மேசையிலேயே எண்ணெயில் புரட்டி, கைப்பிடி கைப்பிடியாகச் சதகுப்பை இலையை அள்ளிப் போடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு மருந்தாக நாம் சதகுப்பை விதை வாங்குகிறோம். மஞ்சளோடு அதன் இலை இவ்வளவு பொருந்தும் என்று நம் சமையலில் யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒருமுறை செய்து பாருங்கள், பாறை மீனுக்கு அருமை.

நடு வியட்நாமில் ஹுவே நகரம் 1802 முதல் 1945 வரை நியூயென் அரசர்களின் தலைநகர். அரண்மனைக்காகச் சமைத்த ஊர் என்பதால் பதார்த்தங்கள் சிறிதாக, பார்வைக்கு அழகாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். அரிசி மாவைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி அவித்து மேலே இறால் பொடி தூவும் பான் பேயோ, இட்லிக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும். பௌத்த விகாரைகள் நிறைந்த ஊர் அது. அமாவாசையை அடுத்தும் பௌர்ணமியிலும் வீடுகளில் சைவச் சமையல் நடக்கும். அங்கே போகும் சைவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

அதே ஊரின் பூன் போ ஹுவேயில் மட்டும் அரண்மனை அடக்கம் கிடையாது. செராய்த் தண்டு, மிளகாய் எண்ணெய், அவர்கள் ஊர் இறால் பெலாச்சான், உருண்டையான தடித்த நூடுல்ஸ். ஃபோவின் சாந்தத்துக்கு நேர் எதிர். பினாங்குத் தமிழர் நாக்கு மூன்று வட்டாரங்களில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். லக்சாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசம் புதிதல்ல. நம் ஆசாம் லக்சாவின் உயிரான தாவுன் கெசும் இலை அவர்கள் சந்தையிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, சமைக்காமல் பச்சையாகவே கடித்துக்கொள்கிறார்கள்.

தெற்கே சற்று இறங்கினால் குவாங் நாம். மஞ்சள் கலந்த அகல நூடுல்ஸ், கரண்டியளவு மட்டும் குழம்பு, வேர்க்கடலை, நொறுக்கிய அரிசி அப்பளம்: இது மீ குவாங். பக்கத்தில் ஹோய் ஆன். பதினாறாம் நூற்றாண்டு முதல் சீனரும் ஜப்பானியரும் வந்து வணிகம் செய்த துறைமுகம். அங்குள்ள காவ் லாவ் நூடுல்ஸுக்கு அரிசியை ஊறவைக்கும் தண்ணீர் பா லே என்ற பழங்கிணற்றிலிருந்து வர வேண்டும், அதில் கரைக்கும் சாம்பல் எதிரே உள்ள சாம் தீவுகளின் விறகிலிருந்து வர வேண்டும் என்பது அவ்வூர் வழக்கம். இந்த வட்டாரம் முழுவதும் ஒருகாலத்தில் சம்பா அரசர்களுடையது. ஹோய் ஆனுக்கு அருகே மீ சோனில் அவர்கள் கட்டிய செங்கல் சிவாலயங்கள் இன்றும் நிற்கின்றன.

தெற்கு வேறு உலகம். வியட்நாமியர் குடியேறியதில் கடைசி நிலம் அது. அவர்களுக்கு முன்பே கெமர் மக்கள் இருந்தார்கள், பிறகு தியோச்சியூ சீனர்கள் வந்தார்கள். மீ தோக்காரியின் கடையில் அதிகம் விற்பது ஹூ தியூ. பன்றியெலும்புச் சாறு, மெல்லிய அரிசி நூடுல்ஸ், இறால், வறுத்த பூண்டு. சாப்பிட்டுப் பார்க்கும் எங்கள் ஊர்ச் சீனர்கள் உடனே "இது நம் கொய் தியாவ் தெங்" என்கிறார்கள். உண்மைதான், இரண்டுக்கும் மூலம் தியோச்சியூ. அதன் புகழ்பெற்ற வகைக்கு நாம் வாங் என்று பெயர். புனோம் பென் நகரை வியட்நாமியர் அப்படித்தான் அழைப்பார்கள். சீனாவில் பிறந்து, கம்போடியாவில் வளர்ந்து, சைகோனில் குடியமர்ந்த உணவு.

எங்கள் சிம்பாங் அம்பாட் பக்கமும் இப்படிப்பட்ட நிலம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பத்து காவான், புக்கிட் தம்புன் வட்டாரத்தில் கரும்பு போட்டவர்கள் தியோச்சியூ சீனர்கள். பின்னர் ஐரோப்பியர் கரும்புத் தோட்டங்கள் தொடங்கியபோது ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ரப்பருக்கு முன்பே செபராங் பிறையில் தமிழர் இருந்தது கரும்பால்தான். தியோச்சியூவும் தமிழும் இங்கே அருகருகே அடுப்பு மூட்டியதைப் போலவே சைகோனிலும் மூட்டியிருக்கின்றன. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

கொம் தாம், பான் மீ இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். நெல் குத்தும்போது உடைந்த நொய்யை ஏழைகள் ஆக்கித் தின்றது கொம் தாம். இன்று சுட்ட இறைச்சியோடு சைகோனின் காலை உணவாக உயர்ந்துவிட்டது. பிரெஞ்சு ரொட்டிக்குள் இறைச்சி, ஊறுகாய்க் காய்கறி, கொத்தமல்லி வைப்பது பான் மீ. பான் செயோவைப் பார்த்தால் மட்டும் தமிழனுக்குத் தோசை என்று தோன்றும். அரிசி மாவு, மஞ்சள், தேங்காய்ப்பால், கல்லில் ஊற்றும்போது சுர்ரென்ற சத்தம் எல்லாம் இருக்கும். ஆனால் உளுந்து இல்லை, மாவு புளிப்பதுமில்லை. அதைத் தோசையின் வாரிசு என்று சொந்தம் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

கறி அப்படியல்ல. அதில் நமக்கு உரிமை உண்டு.

பிரெஞ்சுக்காரர்கள் 1859இல் சைகோனைப் பிடித்தார்கள். 1862இல் தெற்கு மாகாணங்கள் மூன்று அவர்கள் கைக்குப் போயின. புதிய காலனிக்கு ஆள் தேவைப்பட்டது. அவர்களுடைய பழைய காலனிகளான பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு படித்த தமிழர்கள் இருந்தார்கள். 1881இல் வந்த ஓர் ஆணை, தங்கள் சாதி சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்களுக்குப் புதிய குடும்பப்பெயரும் குடியுரிமை நிலையும் தந்தது. அப்படித் துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் நிறைய இருந்தார்கள். ஊரில் கிடைக்காத மரியாதையும் சம்பளமும் சைகோனில் கிடைத்தன. எழுத்தர், காவலர், வரி வசூலிப்பவர் என்று அரசாங்கப் பணிகளில் அமர்ந்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடை வைத்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பினாங்கிலும் ரங்கூனிலும் செய்ததைப் போலவே கிட்டங்கி போட்டு, மெக்கோங் கழிமுகத்தில் நெல் விளைவித்தவர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். மாடும் ஆடும் வளர்த்துப் பால் விற்ற தமிழர்களும் உண்டு.

அந்த வாழ்வின் தடங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. ட்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில். தோன் தாட் தியெப் தெருவில் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில். தோங் தூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல். மாரியம்மனிடம் இப்போது வேண்டுதல் வைப்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனருமே. 1954க்குப் பிறகும், முடிவாக 1975க்குப் பிறகும் தமிழர்கள் அங்கிருந்து புறப்பட்டுவிட்டார்கள். கறி மட்டும் புறப்படவில்லை.

தமிழரால் மட்டுமே கறி அங்கே போனது என்று நான் சொல்லமாட்டேன். கம்போடியர் பக்கத்திலேயே இருந்தார்கள், சௌ டோக் பகுதியில் வாழும் சாம் முஸ்லிம்களிடம் தனிக் கறி வழக்கம் உண்டு, மலாய்க்காரர் தொடர்பும் இருந்தது. ஆனால் அங்கே கடையில் விற்கும் மஞ்சள் நிறக் கறித்தூளை முகர்ந்து பார்த்தால் மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம் என்று நம் அடுக்கு அப்படியே வருகிறது. மீ தோக்காரி ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலம் ஒன்றை என்னிடம் கொடுத்து, "இதைப்போல் அரைத்துத் தருவீர்களா, காக்?" என்று கேட்டாள். உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து முகர்ந்தேன். மிளகாயைப் பாதியாக்கி அன்னாசிப்பூவைச் சற்று கூட்டியதும் அவளுக்குத் திருப்தி.

அவள் செய்யும் கோழிக்கறி இப்படி: துண்டுகளைக் கறித்தூள், பூண்டு, நுவோக் மாம் என்ற மீன்சாறு சேர்த்து ஊறவைக்கிறாள். சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பெரிய துண்டுகளாக்கி முதலில் எண்ணெயில் பொரித்து எடுத்துவிடுகிறாள், இல்லாவிட்டால் குழம்பில் கரைந்துபோகுமாம். அதே எண்ணெயில் கோழியை வதக்கி, நசுக்கிய செராய்த் தண்டைப் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றித் தளரக் காய்ச்சுகிறாள். கடைசியில் கிழங்கு. தாளிப்பு இல்லை, கறிவேப்பிலை இல்லை, புளி இல்லை. தொட்டுக்கொள்ளத் தனியாக உப்பு, மிளகு, எலுமிச்சைச் சாறு. பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துத் தின்ன வேண்டும். தெற்கத்தியக் குடும்பங்களில் முன்னோர் நினைவு நாளுக்கு இந்தக் கறி அடிக்கடி இடம்பெறும் என்றாள். நாம் படையல் போடும் நாளில் செய்வதைத்தான் அவர்களும் செய்கிறார்கள், நாம் கொடுத்த தூளை வைத்து.

உப்புக்குப் போடும் அந்த நுவோக் மாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெத்தலியும் உப்பும் மட்டும் மரப்பீப்பாயில் ஓராண்டளவு கிடந்து இறங்கும் சாறு. ஃபூ குவோக் தீவுச் சரக்குக்குப் பெயர் அதிகம். 2012இல் அத்தீவின் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டப் பாதுகாப்பு தந்தது. கருவாட்டு வாசத்துக்கு அஞ்சாத நாம் அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. ரசத்தில் ஒரு சொட்டு விட்டால் தெரியும்.

எதிர்த்திசையிலும் ஒன்று வந்தது. சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய பாண்டிச்சேரித் தமிழர்கள், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனப் போருக்குப் போய் வந்த சிப்பாய்கள் ஆகியோரில் பலர் வியட்நாமிய மனைவியரோடு வந்தார்கள். அந்தப் பெண்கள் தமிழ் கற்றுக்கொண்டார்கள், புடவை கட்டினார்கள், அடுப்பில் தங்கள் ஊரையும் வைத்துக்கொண்டார்கள். அரிசித்தாளில் இறைச்சியும் காயும் சுருட்டிப் பொரிக்கும் சா யோ இன்றும் பாண்டிச்சேரியில் பல குடும்பங்களின் விசேஷப் பலகாரம். ஃபோ காய்ச்சும் வீடுகளும் உண்டு. அந்தத் தலைமுறைப் பெண்களில் மிச்சமிருப்பவர்கள் மிகவும் முதியவர்கள். அவர்களின் கைப்பக்குவத்தைப் பேத்திகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அளவோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், அம்மா, நாம் தின்னா, ஹுவேயா, சா டெக்கா என்றும் மறக்காமல் கேட்க வேண்டும். ஊர் தெரிந்தால்தான் அந்தக் குழம்பில் சீனி போடுவதா வேண்டாமா என்பதே தெரியும்.